யாருக்கு என்ன நோய் வந்தது?



சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வந்திருந்த நம் பங்கின் இளைஞர் ஒருவர், நள்ளிரவுத் திருப்பலிக்கு மறுநாள் பங்குமனைத் திண்ணையில் வந்து அமர்ந்தார். திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றில் பணிபுரிபவர். பேச்சு மழையில் தொடங்கி ஊருணிக்குச் சென்றது. ஊருணியிலிருந்து ஆற்றுக்குச் சென்றது. நொய்யல் இப்படிக் கெட்டுப் போயிற்றே என்று நாம் ஒரு சொல் சொல்லப்போக, அவர் முகம் மாறிவிட்டது.

"எல்லாரும் இதையேதான் சொல்கிறீர்கள், சாமி. ஆற்றில் சாயம் ஓடியது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் யாருக்கு என்ன நோய் வந்தது? ஒரே ஒரு ஆளின் பெயரைச் சொல்லுங்கள். சொன்னால் நாளைக்கே வேலையை விட்டுவிடுகிறேன்."

வம்புக்காக அவர் அப்படிக் கேட்கவில்லை. தங்கையின் திருமணக் கடனும் தாயாரின் கண் அறுவையும் அந்தக் கூலியில்தான் தீர்ந்தன. தாம் உண்ணும் சோற்றில் பிறருடைய நோய் கலந்திருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. நம்மிடம் விடை இல்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் கற்றோம். ஓர் ஆற்றுநீரை எப்படி எடைபோடுவது என்று எவரும் கற்பிக்கவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம், தம்பி" என்று அவரை அனுப்பிவைத்தோம். அவ்வாறு விசாரித்தவற்றையே இம்மாதம் வாசகர்முன் வைக்கிறோம்.

ஆறே இல்லாத கானாடுகாத்தானில் இருந்துகொண்டு ஆற்றைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். ஆறு இல்லாத காரணத்தால்தான் இவ்வட்டாரத்தார் நீரின் அருமை அறிந்தவர்கள். நகரத்தார் வீடுகளின் ஓட்டுக் கூரை முற்றத்தை நோக்கிச் சரிவதும், அங்கு விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துவைப்பதும், குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவும் விடாமல் காத்ததும் நாம் அறிந்தவையே. நீரைச் சோதிக்கவும் இங்கு ஒரு முறை உண்டு. அந்நீரில் பருப்பு வேகிறதா, காப்பி திரியாமல் இருக்கிறதா என்று ஆச்சிமார் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான், உப்பையும் கடினத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். கிருமியை மட்டும் காட்டாது.

ஆனால், ஆறு இன்று நம்மைத் தேடிக் குழாய் வழியே வருகிறது. திருச்சிக்கு அருகே காவிரிப் படுகையில் எடுக்கும் நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வாயிலாகப் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் ஊர்கள் பலவற்றுக்கு ஓடிவருகிறது. அந்தக் காவிரியில், திருச்சிக்கு மேலே, பவானியும் நொய்யலும் அமராவதியும், சேலத்துக் கழிவைச் சுமந்த திருமணிமுத்தாறும் வந்து கலக்கின்றன. இடையில் நெடுந்தூர ஓட்டமும், ஆற்று மணலின் வடிகட்டலும், குளோரினும் இருப்பதால் வாசகர் எவரும் அஞ்சிக் குடத்தைக் கவிழ்த்துவிட வேண்டாம். எனினும், மணல் கிருமியைத் தடுக்குமேயன்றிக் கரைந்த உப்பைத் தடுக்காது. ஆகவே திருப்பூர்ப் பட்டறையும் கானாடுகாத்தான் அடுப்படியும் நாம் எண்ணுவதுபோல் அவ்வளவு தொலைவில் இல்லை.

இனி, நீரை எடைபோடும் முறைக்கு வருவோம்.

மீனுக்கும் பிராணவாயு வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். சாக்கடை கலந்தால் அதிலுள்ள அழுக்கைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, அந்தப் பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் இதனாலேதான். எனவே ஆற்றுநீரைப் புட்டியில் அடைத்து இருட்டில் வைத்து, சில நாளில் எவ்வளவு பிராணவாயு செலவாயிற்று என்று பார்க்கிறார்கள். எவ்வளவு செலவோ அவ்வளவு அழுக்கு. இதற்கு 'உயிர்வேதியியல் பிராணவாயுத் தேவை' என்று பெயர். குளிப்பதற்குரிய ஆற்றில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அதனைத் தாண்டிய ஆற்றுப்பகுதிகள் நாட்டில் 351 என்று 2018-இலும், 311 என்று 2022-இலும் வாரியம் கணக்கிட்டது. 2022-இன் பட்டியலில் சென்னைக் கூவத்தில் ஆவடிக்குக் கீழுள்ள பகுதிக்குக் கண்ட அளவு 345. வீட்டுச் சாக்கடைக்கே பெரும்பாலும் 200 முதல் 300 வரைதான் இருக்கும் என்றால், கூவத்தைப்பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தப் புட்டிச் சோதனையை வகுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1898-இல் அமைத்த அரச ஆணைக்குழு ஒன்று 1912-இல் இதனை அளவுகோலாக்கியது. புட்டியை ஐந்து நாள் வைத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் எந்த ஆறும் ஐந்து நாளுக்குள் கடல் சேர்ந்துவிடும் என்ற கணக்காம் அது. ஆற்றில் விடும் கழிவு இருபதுவரை இருக்கலாம் என்றும் இசைந்தார்கள். எந்த நம்பிக்கையில்? அக்கழிவோடு எட்டு மடங்கு நல்ல நீராவது வந்து கலக்கும் என்ற நம்பிக்கையில். சித்திரை மாதத்தில் மதுரைப் பாலத்தின்மேல் நின்று வைகையைப் பார்த்தவர்களுக்கு இந்த எட்டு மடங்கு சிரிப்பை உண்டாக்கும். நம் ஆறுகளுக்குக் கோடையில் சாக்கடையே நீர்வரத்து. பின்னாளில் நம் நாட்டார் 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் என்று புட்டிக் கணக்கை நமக்கேற்ப மாற்றிக்கொண்டனர். மடங்குக் கணக்கை மாற்றுவது மழையின் கையில் இருக்கிறது.

அடுத்த சோதனை கோலிபார்ம் என்னும் கிருமிகளை எண்ணுவது. குடிநீர் 100 மில்லிலிட்டரில், மலத்தோடு வரும் வகை ஒன்றுகூட இருத்தலாகாது. இக்கிருமிகளுள் பெரும்பாலானவை தாமே நோய் தருவன அல்ல. மலம் இவ்வழியே வந்தது என்று சாட்சி சொல்பவை அவை. அச்சாட்சி நிற்கும் இடத்தில் வாந்திபேதியும் டைபாய்டும் மஞ்சட்காமாலையும் எப்போது வேண்டுமாயினும் வந்து சேரலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தச் சோதனையும் தன்னைக் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். பிராணவாயுச் சோதனை உப்பைப்பற்றி வாய் திறவாது. சாயப்பட்டறைக் கழிவின் பெருஞ்சுமையோ உப்புத்தான். நிறம் நீக்கி, அழுக்கு நீக்கி, கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் அந்த உப்பு முழுமையாக இருக்கும். ஆச்சிமாரின் பருப்புச் சோதனை அங்கே வெல்லும். அறிவியற்கூடத்துப் புட்டி தோற்கும்!

ஆயினும் இவையெல்லாம் நீரைப்பற்றிய கணக்கு. நம் இளைஞர் கேட்டது நோயைப்பற்றிய கணக்கு. நகரத்தார் கடைகளில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: சிட்டை தனி, பேரேடு தனி, இரண்டையும் ஒப்பிட்டு ஐந்தொகை எடுத்தாலன்றி இலாபநட்டம் தெரியாது. நீரின் ஏடு ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. நோயாளிகளின் ஏடு மற்றோர் அலுவலகத்தில் இருக்கிறது. அவ்விரண்டையும் ஒரே மேசையில் விரித்துவைத்தவர் என்று உலகம் போற்றுபவர் ஜான் ஸ்னோ என்னும் இலண்டன் மருத்துவர்.

1854-இல் இலண்டனில் வாந்திபேதி கொள்ளை கொண்டது. தென்பகுதியில் ஒரே தெருவில் இரு நிறுவனங்களின் குழாய்கள் ஓடின. இலாம்பெத் நிறுவனம் 1852-இலேயே நகருக்கு மேலே, சாக்கடை கலவாத இடத்திலிருந்து தேம்ஸ் நீரை எடுக்கத் தொடங்கியிருந்தது. சதக்–வாக்ஸால் நிறுவனமோ நகரின் கழிவு கலந்த இடத்திலிருந்தே எடுத்துவந்தது. ஸ்னோ சாவு நிகழ்ந்த வீடுகளுக்கு நடந்தே சென்றார். தங்கள் வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் நீர் வருகிறதென்று பலருக்குத் தெரியவில்லை. அவர் அந்நீரில் வெள்ளி நைட்ரேட்டுச் சேர்த்து உப்பின் அளவைப் பார்த்தார்; கடலேற்றம் எட்டும் இடத்து நீரில் உப்பு மிகுதியாதலால் எந்த நிறுவனம் என்பது விளங்கிவிட்டது. பத்தாயிரம் வீட்டுக்குக் கணக்கிட்டால் சதக்–வாக்ஸால் நீர் குடித்தவர்களில் 315 சாவு. இலாம்பெத் நீர் குடித்தவர்களில் 37. ஆறு ஒன்று, தெரு ஒன்று, காற்று ஒன்று. நீர் எடுத்த இடந்தான் வேறு.

அதே ஆண்டில் அதே ஊரில் பிராட் தெருவில் அறுநூறுக்கு மேற்பட்டோர் சில வாரங்களில் மாண்டனர். ஒரு நீரிறைப்பானே காரணம் என்று ஸ்னோ கூற, செப்டம்பர் 8-இல் அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். இக்கதை பலரும் அறிந்தது. அதில் அதிகம் பேசப்படாத ஒருவரையே நாம் வாசகர்க்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். அங்கிருந்த ஆங்கிலிக்கன் ஆலயத்தின் துணைக்குரு ஹென்றி வைட்ஹெட். வயது இருபத்தொன்பது. அவர் ஸ்னோவை நம்பவில்லை. அந்நீரைக் குடித்தும் பிழைத்தவர்களை அவரே அறிவார். மருத்துவர் சொன்னது தவறு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாக ஏறி இறங்கினார். சில வீடுகளுக்கு நான்கைந்து முறை சென்றார். யார் மாண்டார், யார் பிழைத்தார், யார் எந்நீரைக் குடித்தார் என்று எழுதிவந்தார். தம் ஏடே தம்மை மறுத்துவிட்டதைக் கண்டார். அம்மட்டோடு நின்றாரில்லை. கொள்ளை தொடங்கும் முன் நாற்பதாம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கால் துன்புற்றதையும், தாய் அதன் துணிகளை அலசிய நீரை வீட்டு முன்புறக் கழிவுத் தொட்டியில் ஊற்றியதையும் அவரே கண்டுபிடித்தார். தோண்டிப் பார்த்தபோது, அத்தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி மூன்றடிகூட இல்லை.

மந்திரிப்புக்கும் நோயில்பூசுதலுக்கும் வீடு வீடாகச் செல்லும் நம்போன்றோர்க்கு இதைப் படித்தபோது சற்று நாணமாகத்தான் இருந்தது. இறந்தோர் ஏட்டை நாமும் எழுதுகிறோம். இறந்தவர் குடித்த நீர் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இதையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பியபோது திருப்பூர் இளைஞர் தொலைபேசியில், "அங்கே பெயர் கிடைத்தது, சாமி. இங்கேயும் கிடைக்கட்டும்" என்றார். சரியான சொல். ஆனால் எப்போதும் கிடைக்குமா?

தில்லியில் நடந்ததைப் பாருங்கள். யமுனையில் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் வசீராபாத் நிலையத்துக்குக் கீழே நஜஃப்கட் சாக்கடை ஆற்றில் விழுகிறது. 1955-இன் வெள்ளத்தை அடுத்து ஆறு ஒதுங்கிப் பாய, சாக்கடை நீர் மேல்நோக்கி ஏறிக் குடிநீர் எடுக்கும் வாய்க்கே வந்துவிட்டது. நிலையத்தார் குளோரினை மிகுத்தார்கள், டைபாய்டு பெருகவில்லை, ஆபத்து நீங்கிற்று என்றே தோன்றியது. ஏறத்தாழ ஒரு மாதம் சென்று, டிசம்பரில், மஞ்சட்காமாலை எழுந்தது. சனவரிக்குள் 29,300 பேர் கண் மஞ்சளித்துப் படுத்தனர் என்று ஆய்ந்தவர்கள் கணித்தார்கள். இந்நோய் உடலில் புகுந்து வெளிப்பட ஐந்தாறு வாரம் ஆகும். நோயாளி மருத்துவரிடம் வரும்போது அவரைக் கெடுத்த நீர் கடலில் கலந்து மறைந்திருக்கும். அன்றைய நீரைச் சோதித்தால் குற்றமற்றது என்றே விடை வரும். இன்னொன்று: பாதுகாத்துவைத்த அன்றைய குருதியை 1980-இல் ஆராய்ந்தபோதுதான் அது அதுவரை அறிந்த காமாலை வகைகளில் சேர்ந்ததன்று என்பது தெரிந்தது. இன்று அதனை 'ஈ' வகைக் காமாலை என்கிறார்கள்; கருவுற்ற தாய்மார்க்கு மிகக் கொடியது. நோயாளிகள் 29,300 பேர் இருந்தும் நோய்க்குப் பெயர் கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

கிருமி நோய்க்கே இந்நிலை என்றால் உப்புக்கும் உலோகத்துக்கும் என்ன சொல்வது? உப்பு, நோயாளியைக் காட்டிலும் முன்னதாகக் கிணற்றைப் படுக்கவைக்கிறது, தென்னையைப் படுக்கவைக்கிறது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் சாயக்கழிவு தேங்கியபின், கீழ்ப்பகுதி உழவர்களே 'அணையைத் திறக்காதீர்கள்' என்று வேண்டும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று உழவன் சொல்வதைவிடப் பெரிய மருத்துவச் சான்றிதழ் உண்டோ? உப்புநீரைக் குடிப்போர்க்குக் குருதியழுத்தம் உயர்வதை, அதிலும் கருவுற்ற பெண்களிடம், வங்கதேசக் கடலோர ஊர்களில் ஆய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆயினும் 'இன்ன பட்டறையின் உப்பு, இன்ன பெண்ணின் குருதியில்' என்று எவரும் விரல்நீட்ட இயலாது. இயலாது என்பதனாலேயே பட்டறை குற்றமற்றதாகிவிடுமா?

இக்கேள்விக்கு நம் நாட்டு உச்சநீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் வழங்கிய தீர்ப்பு அது. தீங்கு நேர்ந்தது என்று நோயாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆலை நடத்துபவரையே சாரும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. தீர்ப்பு வந்ததும் ஆறு தெளிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை; அதே பாலாற்றுக்காக 2025 சனவரியில் அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. திருப்பூரில், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். அந்தக் கண்ணீரும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சவ்வின்வழி வடித்து, எஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்தெடுத்து, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு செய்த பட்டறைகளே படிப்படியாகத் திறந்தன.

இதை எழுதியதும் இளைஞரிடமிருந்து இருவரி வந்தது: "எங்கள் பட்டறையில் அந்த ஏற்பாடு இருக்கிறது, சாமி. இரவிலும் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்."

அவரிடம் இவ்வளவு நியாயம் பேசிய நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும் அன்றோ? பங்குமனைப் பின்கட்டில் ஒரு கிணறு உண்டு. தெளிந்த நீர், பருப்பு பூவாய் வேகும். "இத்தனை ஆண்டாகக் குடிக்கிறோம், யாருக்கு என்ன வந்தது?" என்று சமையல் செய்யும் அம்மா கேட்டார். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். திருப்பூர்க் கேள்வி நம் கிணற்றடியிலும் நிற்பதை அப்போதுதான் கண்டோம்.

குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தார் 1982-இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. மருந்தூட்டிய தாள்துண்டு உள்ள சிறு புட்டியில் நீரை ஊற்றி, வீட்டு வெப்பத்திலேயே ஓரிரு நாள் வைத்தால் போதும். மலக்கிருமி இருந்தால் நீர் கறுக்கும். எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க விடை. ஒரு புட்டி வரவழைத்துக் கிணற்றுநீரை ஊற்றிச் சன்னலில் வைத்தோம். மறுநாள் காலைத் திருப்பலிக்குச் செல்லும்போது பழுப்பாக இருந்தது. நண்பகலுக்குள் மையாய்க் கறுத்துவிட்டது.

அளந்து பார்த்தோம். கழிவறைத் தொட்டி கிணற்றுக்குப் பன்னிரண்டடியில் இருந்தது. நமக்குமுன் யாரோ கட்டியது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் சென்ற ஆண்டு அதனைச் செப்பனிட்டபோது அதே இடத்தில் மீண்டும் கட்டச் சொன்னது நாமே. கிணற்றில் வெளுப்புத்தூள் இட்டாயிற்று. அது சில நாளைக்குத்தான் தாங்கும். குடிநீரைக் கொதிக்கவைக்கிறோம். தொட்டியைத் தொலைவில் மாற்ற வரும் வியாழனன்று கொத்தனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோயிலுக்கு அடுத்த தெருவில் நான்கு வீட்டார் தங்கள் கிணற்றுக்கும் புட்டி கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார்கள்; நலவாழ்வு மைய செவிலியர் அம்மையார், இவ்வாண்டு காமாலையும் டைபாய்டும் கண்ட வீடுகளைத் தம் ஏட்டில் பார்த்துச் சொல்ல இசைந்திருக்கிறார்.

வெளுப்புத்தூள் இட்டபின் நிரப்பிய இரண்டாம் புட்டி நம் சன்னலில் இருக்கிறது. இன்று இரண்டாம் நாள். இதை எழுதி முடிக்கும் இந்நேரம்வரை கறுக்கவில்லை.